நியானா, கார்டினலா? முதல்முறை டெட்ரா வாங்குபவர்களுக்கு

போன வருடம் மார்ச் மாதம், வீட்டுத் தொட்டியில் வளர்க்க, கார்டினல் டெட்ரா என்று சொல்லி விற்ற 12 சின்ன வண்ணமீன்களை, ஒன்று 80 ரூபாய் வீதம் வாங்கி வந்தேன். மே மாதம் முடியும்போது மூன்றுதான் மிஞ்சின. ஃபோனில் இருந்த பழைய படங்களை மீன் வளர்க்கும் நண்பரிடம் காட்டியபோது, அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “இது கார்டினல் இல்லை, நியான்.” பார்ப்பதற்குக் கார்டினல்போலவே இருக்கும் நியான் டெட்ரா அப்போது சென்னைக் கடைகளில் 30 ரூபாய்க்குக் கிடைத்தது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. குளிர்ச்சியான தண்ணீர் வேண்டிய மீனைச் சென்னையின் மே மாதத்தில் தெரியாமல் வைத்திருந்தேன் என்பதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை ஒவ்வொரு படியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு செய்தேன். அந்த நோட்டிலிருந்து உங்களுக்குத் தேவையானதை இங்கே எடுத்து எழுதுகிறேன். விலைகள் எல்லாம் நான் அப்போது சென்னையில் கொடுத்தவை, உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. முதலில் சிவப்புக் கோட்டைப் பாருங்கள்

இரண்டுமே நம் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள். நியான் வளர்ந்தால் ஏறக்குறைய 3 செ.மீ., கார்டினல் 4 செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். கடையில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள் என்பதால் அளவை வைத்துப் பிரிக்க முடியாது. நீலக் கோட்டை வைத்தும் முடியாது, ஏனென்றால் அது இரண்டிலும் கண்ணிலிருந்து பின்பக்கம் வரை மின்னிக்கொண்டு ஓடும்.

சிவப்புதான் அடையாளம். நியானில் சிவப்பு உடம்பின் பாதியில்தான் தொடங்கும். வயிற்றுக்கு நேராகப் பார்த்தால் முன்பாதி வெள்ளியாக, வெறுமையாக இருக்கும். அதற்குப் பின்னால் வால் வரைக்கும் சிவப்பு. கார்டினலில் சிவப்பு, கண்ணுக்குக் கீழே செவுள் பக்கத்திலிருந்தே தொடங்கி வால் அடிவரை இடைவெளி விடாமல் போகும். மேலே நீலம், கீழே சிவப்பு என்று முழு நீளத்துக்கும் இரண்டு பட்டைகள். ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

பச்சை நியான் என்று மூன்றாவது ஒன்றும் வரும். மூன்றிலும் சிறியது அதுதான். நீலப்பச்சைக் கோடு வால் அடியையே தொட்டுவிடும். மற்ற இரண்டிலும் அந்தக் கோடு முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் கடுகளவு கொழுப்புத் துடுப்புக்குக் கீழேயே நின்றுவிடும். பச்சை நியானில் சிவப்பு மிகவும் மங்கல். உடல் வெளிறிய கார்டினல் என்று நினைத்து இதை வாங்கியவர்கள் உண்டு. கறுப்பு நியான் என்பது பெயரில் மட்டும்தான் நியான். அதன் உடம்பில் நீலமும் இல்லை, சிவப்புப் பட்டையும் இல்லை. வெளிர்க்கோடு ஒன்று, அதற்குக் கீழே கறுப்புப் பட்டை ஒன்று, கண்ணின் மேல்விளிம்பில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

பில்லில் எழுதி வாங்கும்போது உதவும் என்பதால் அறிவியல் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நியான்: பாராகெய்ரோடான் இன்னேசி. கார்டினல்: பாராகெய்ரோடான் ஆக்செல்ரோடி. பச்சை நியான்: பாராகெய்ரோடான் சிமுலன்ஸ். தங்க நியான், டைமண்ட் ஹெட், நீளத் துடுப்பு நியான் என்று விற்பவை எல்லாம் நியானிலிருந்தே வளர்த்தெடுத்த ரகங்கள், தனி இனம் அல்ல. அவற்றுக்கும் நியானுக்கான தண்ணீர்தான்.

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பயந்துபோன டெட்ரா நிறம் இழந்துவிடும். வலை வீசிய உடனே, கவரில் கட்டிய உடனே, சிவப்பு வெளிறிப்போய் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எனக்கு நடந்தது இதுதான். கவரில் பார்த்தபோது வயிற்றில் சிவப்பு இல்லாததைக் கேட்டேன், “பயத்தில் மங்கியிருக்கு, வீட்டுக்குப் போனதும் வந்துவிடும்” என்று பதில் வந்தது. அது பாதி உண்மை. ஆகவே வலை போடும் முன்பு, மீன் தொட்டியில் அமைதியாக நீந்தும்போது, பக்கவாட்டில், கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். கடைகளில் நீலமும் ரோஜா நிறமும் கலந்த எல்.இ.டி. போட்டிருப்பார்கள், அதில் எந்த மீனும் பளபளக்கும். ஒரு நிமிடம் அந்த விளக்கை அணைத்து வெள்ளை வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆணா பெண்ணா என்பது வாங்கும்போது அவ்வளவு முக்கியமில்லை. வயிறு உருண்டு, அதனால் நீலக் கோடு கொஞ்சம் வளைந்து தெரிந்தால் பெண். ஒல்லியாக, கோடு நேராக இருந்தால் ஆண்.

2. உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்துவிட்டு முடிவெடுங்கள்

எந்த மீன் அழகு என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் எது பிழைக்கும் என்று பாருங்கள்.

நியான், பெரு, கொலம்பியா, பிரேசில் நாடுகளில் மேல் அமேசான் பகுதி ஓடைகளைச் சேர்ந்தது. அதற்கு ஏற்ற வெப்பம் 21 முதல் 26 டிகிரி வரை. கார்டினல், ரியோ நீக்ரோ, ஓரினோகோ ஆறுகளின் மேல்பகுதிகளைச் சேர்ந்தது. மரநிழலில், இலைச்சருகு ஊறி டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். அது 24 முதல் 29 டிகிரி வரை சௌகரியமாக இருக்கும். இந்த மூன்று டிகிரி வித்தியாசம்தான் சென்னைக்காரர்களுக்கு எல்லாம்.

மீன் வாங்கும் முன்பு ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டி வைக்கப்போகும் இடத்திலேயே வைத்து, காலை, மதியம் மூன்று மணி, இரவு என மூன்று வேளை வெப்பமானியில் பாருங்கள். ஒரு வாரம் போதும். எங்கள் ஹாலில் டிசம்பரில் 25, மார்ச்சில் 29, மே மதியம் 32 தாண்டியது. சென்னை, திருச்சி, மதுரை, வேலூர் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: விலை இரண்டு மடங்கு ஆனாலும் கார்டினல் வாங்குங்கள். கோடையில் அதற்கும் மின்விசிறி உதவி வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருந்தால் நியான் வாங்கலாம், ஆனால் ஹீட்டர் வேண்டியிருக்கும்.

அடுத்தது தண்ணீரின் உப்பு. இரண்டு மீன்களும் மென்மையான, லேசான அமிலத் தண்ணீரில் வந்தவை. பி.எச். 5.5 முதல் 7 வரை நல்லது. நியானில் கடைக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே பண்ணையில் வளர்த்தவை என்பதால் அவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கார்டினலில் ஆற்றிலிருந்து நேராகப் பிடித்து வருபவையும் நிறைய, அவை அவ்வளவு தாங்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவுதான் டிடிஎஸ். அதை நான் 200 பக்கத்தில் வைத்திருக்கிறேன், 250ஐத் தாண்ட விடுவதில்லை.

எங்கள் போர் தண்ணீர் 900. ஆர்.ஓ. தண்ணீர் 50. ஒரு பங்கு போர் தண்ணீருக்கு ஐந்து பங்கு ஆர்.ஓ. கலந்தால் 190 சுற்றி வருகிறது. வாராவாரம் மாற்ற 12 லிட்டர் வேண்டும் என்றால், 2 லிட்டர் போர், 10 லிட்டர் ஆர்.ஓ. அவ்வளவுதான் கணக்கு. வீட்டில் ஆர்.ஓ. இல்லாவிட்டால் 20 லிட்டர் கேன் தண்ணீரைப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு கேனையும் மீட்டரில் பார்த்துவிட்டு. ஆர்.ஓ. மட்டும் முழுதாக ஊற்றாதீர்கள். அதில் தாது உப்பு அநேகமாக இல்லை, பி.எச். நிலையாக நிற்காது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றாதீர்கள், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

டிடிஎஸ் மீட்டர் மொத்தக் கரைபொருளை மட்டும் காட்டும். குளோரின் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மெட்ரோ வாட்டர் என்றால் வாளியில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்திருங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடுங்கள்.

போர் தண்ணீர் ஆயிரத்துக்கு மேல், ஆர்.ஓ. வைக்கவும் வழியில்லை என்றால் இந்த மீன்களை விட்டுவிடுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி கடினத் தண்ணீரில் ஆரோக்கியமாக வாழும், குட்டியும் போடும். அதே காரணத்தால் கப்பியையும் டெட்ராவையும் ஒரே தொட்டியில் போடச் சொல்லும் யோசனையையும் கேட்காதீர்கள். ஒன்றுக்கு ஏற்ற தண்ணீர் இன்னொன்றுக்கு ஏற்றதல்ல.

3. தொட்டியும் செலவும்

இவை கூட்டமாக வாழ்பவை. ஆறு என்பது குறைந்தபட்சம், பத்து இருந்தால்தான் பயம் விட்டு நடுவில் நீந்தும். பத்து மீனுக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி போதும். கணக்குப்படி 56 லிட்டர், மணல், கட்டை போக 48 லிட்டர்போல் தண்ணீர் நிற்கும். கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து 70 கிலோ வரும். ஆகவே பிளாஸ்டிக் ஸ்டூல், பழைய ஷூ ரேக் மேல் எல்லாம் வைக்காதீர்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் இந்த மீனுக்கு ஆகவே ஆகாது.

எனக்கு ஆனது: தொட்டி 1,500. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் 650. வெப்பமானி 100. டிடிஎஸ் மீட்டர் 250. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் 1,200. மணல் 300. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகள் 300. புது மீனைத் தனியாக வைக்க 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் 400. மொத்தம் 4,700 ரூபாய், மீன் வாங்கும் முன்பே. மீன் பத்துக்கு 800 முதல் 1,000.

இதில் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது டெஸ்ட் கிட்டிலும் தனித்தொட்டியிலும்தான். நானும் முதல் முறை அந்த இரண்டையும் வாங்கவில்லை. அலங்கார பொம்மை, நிறக்கல், வால்பேப்பர் இவற்றை விட்டுவிடுங்கள், அந்தப் பணத்தை டெஸ்ட் கிட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். காகிதப் பட்டை டெஸ்ட்டுகளில் பெரும்பாலானவை அம்மோனியாவைக் காட்டாது, கவனம்.

காசில்லாமல் கிடைக்கும் நல்ல பொருள் ஒன்று உண்டு. தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்த இலை. தானாக விழுந்து பழுப்பான இலையாகப் பொறுக்கி, கழுவி, நன்கு காயவைத்து, இரண்டு இலை போடுங்கள். தண்ணீர் இளம் டீ நிறமாகும். கார்டினல் அதில்தான் முழு நிறம் காட்டும். மருந்து அடித்த மரம், சாக்கடையோர மரம் வேண்டாம்.

4. ஐந்து, ஆறு வாரம் மீன் இல்லாத தொட்டி

பெரும்பாலான மீன்கள் சாவது இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அளவோடு இருந்தால் பாதகமில்லை. இந்த நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாள் பிடிக்கும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மோனியாவுக்கு நிறமில்லை.

செய்ய வேண்டியது எளிது. தொட்டியை நிரப்பி, ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், அது அழுகி அம்மோனியா தரும். இரண்டு நாளுக்கு ஒரு முறை டெஸ்ட் செய்து தேதியோடு எழுதுங்கள். என் நோட்டில் ஒன்பதாம் நாள் அம்மோனியா உச்சம், பதினெட்டாம் நாள் நைட்ரைட் உச்சம், முப்பத்து நாலாம் நாள் இரண்டும் பூஜ்யம். தீனி போட்ட மறுநாளும் இரண்டும் பூஜ்யமாகவே இருந்து, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். சில நாள் தள்ளிப்போனால் தீனி போடுவதை நிறுத்தாதீர்கள், நுண்ணுயிர் பட்டினியில் செத்துவிடும்.

நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அங்கே ஓடிய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், பாதி நாள் மிச்சம். கடைத் தொட்டி ஸ்பாஞ்ச் வேண்டாம், அதோடு நோயும் வரும். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைப் போட்டு மறுநாளே மீன் விடலாம் என்பதை நம்பாதீர்கள். போடுவதானால் போடுங்கள், ஆனால் மீன் விடும் நாளை டெஸ்ட் கிட் சொல்லட்டும்.

தனித்தொட்டிக்கான சின்ன ஸ்பாஞ்சையும் இந்த வாரங்களில் பெரிய தொட்டியிலேயே ஓடவிடுங்கள். மீன் வரும் அன்று எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

சென்னையில் அக்டோபர் முதல் வாரம் தண்ணீர் நிரப்பினால் நவம்பர் பாதியில் மீன் வாங்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வாங்கவும் அனுப்பி வைக்கவும் நல்ல காலம். மார்ச்சுக்கு மேல் புதிதாகத் தொடங்காதீர்கள்.

5. கடையில்

சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் போனால் ஒரே நடையில் பல கடைகளைப் பார்த்துவிடலாம். வேலை நாள் காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாருக்கும் விளக்கு அணைத்துக் காட்ட நேரமிருக்காது.

முதல் கேள்வி: இந்த மீன் வந்து எத்தனை நாள் ஆயிற்று? நேற்று வந்தது என்றால் வேண்டாம். பயணக் களைப்பில் சாக இருப்பவை முதல் வாரத்தில் சாகும், அது கடையிலேயே முடியட்டும். ஒரு வாரம், பத்து நாள் அங்கே இருந்து நன்றாகத் தின்னும் மீன்தான் வேண்டும். கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். கார்டினல் பசியோடு மேலே வரவேண்டும்.

அதே தொட்டியில் ஒரு செத்த மீன் கிடந்தால், உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தால், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றால், கூட்டத்தை விட்டு ஒன்று தனியாக அலைந்தால், அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீனும் வாங்காதீர்கள். நல்லதாகத் தெரிவதைப் பொறுக்கி எடுத்தாலும் பயனில்லை, எல்லாம் ஒரே தண்ணீரில்தான் இருந்தன.

உங்கள் மீட்டரைக் கையோடு கொண்டுபோய்க் கடைத் தொட்டியின் டிடிஎஸ் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இது ஏழாவது படியில் வேண்டும்.

பில். இங்கேதான் நான் ஏமாந்தேன். என் பில்லில் “டெட்ரா 12” என்று மட்டும் இருந்தது, அதை வைத்துக்கொண்டு போய் எதுவும் கேட்க முடியவில்லை. கையால் எழுதிய பில் ஆனாலும் சரி, நான்கு விஷயம் வேண்டும்: “கார்டினல் டெட்ரா” என்று முழுப் பெயர், எண்ணிக்கை, ஒன்றின் விலை, தேதி. விலைச்சீட்டு தெரியும்படி தொட்டியை ஒரு படம் எடுங்கள், மீனையும் பக்கவாட்டில் ஒரு படம். இரண்டு நிமிட வேலை.

அரசு அனுமதி ஏதாவது வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆசிய அரோவானா போன்ற மீன்கள், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் வருபவை, அவற்றுக்குத்தான் பதிவும் சான்றும் பார்க்க வேண்டும். நியானும் கார்டினலும் அந்தப் பட்டியலில் இல்லை.

6. பார்சலில் வரவழைப்பதென்றால்

வெளியூரில் இருப்பவர்களுக்கு இதுதான் வழி. பணம் அனுப்பும் முன்பு, வழியில் செத்த மீனுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். மாற்று மீனா, பணமா, அனுப்பும் செலவு யாருடையது, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஃபோனில் சொன்னது கணக்கில் வராது.

திங்கள் முதல் புதன் வரைக்குள் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளி அனுப்பினால் ஞாயிறு முழுக்கப் பெட்டி எங்காவது கிடக்கும். இரவுப் பேருந்து நல்லது. தெர்மாகோல் பெட்டி, ஆக்சிஜன் நிரப்பிய இரட்டைக் கவர், ஒரு நாள் தீனி போடாத மீன், இந்த மூன்றையும் கேட்டு உறுதி செய்யுங்கள். பார்சல் ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எடுக்கப் போகும்போது உங்கள் அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள்.

வந்ததும் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து மீன்களை எண்ணி முடிப்பது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுக்க வேண்டும். ரசீது எண் முதலில் தெரியட்டும். செத்த மீன் இருந்தால் கவரைத் திறக்காமலே தெளிவாகக் காட்டுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவை யாரும் ஏற்பதில்லை.

7. தொட்டியில் விடும் நேரம்

விளக்கை அணையுங்கள். கவரை மூடியபடியே தனித்தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகும்.

உள்ளூர்க் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த மீன் என்றால், கவரைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு சின்னக் கப் தொட்டித் தண்ணீர் சேர்த்து, 40 நிமிடம் பழக்குங்கள். கடை டிடிஎஸ் உங்களுடையதைவிட மிக அதிகம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகலாம்.

இரவெல்லாம் பயணம் செய்த மீனுக்கு இது பொருந்தாது. மூடிய கவரில் மீன் விட்ட மூச்சால் பி.எச். இறங்கியிருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா அதிகம் கடிக்காத வடிவில் இருக்கும். கவரைத் திறந்ததும் காற்றுப்பட்டு பி.எச். ஏறும், அதே அம்மோனியா விஷமாக மாறும். அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது மீனைக் கொல்லும். கவரைத் திறந்த 15 நிமிடத்துக்குள் மீனைத் தொட்டியில் விட்டுவிடுங்கள். இப்படிச் செய்யப்போவதாக விற்பவரிடம் முன்பே சொல்லி, அவர் தொட்டி டிடிஎஸ் என்ன என்று கேட்டு, தனித்தொட்டியை அதற்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அதிர்ச்சி குறையும். பிறகு சில நாளில் மெதுவாக உங்கள் அளவுக்குக் கொண்டுவரலாம்.

எந்த மீனானாலும் வலையால் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீரை ஒரு சொட்டுக்கூடத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

8. மூன்று வாரம் தனியாக

புது மீன் தனித்தொட்டியில் குறைந்தது மூன்று வாரம் இருக்கட்டும். அதற்கு வேறு வலை, வேறு கப். முதல் நாள் தீனி வேண்டாம். சின்னத் தொட்டி என்பதால் இரண்டு நாளுக்கு ஒரு முறை அம்மோனியா பார்த்து, நாலில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றுங்கள்.

நீங்கள் பயந்து தேடுவது நியான் டெட்ரா நோய். ப்ளைஸ்டோஃபோரா என்ற ஒட்டுண்ணி தசைக்குள் வளர்வதால் வருவது. பெயரில் நியான் இருந்தாலும் கார்டினலுக்கும் மற்ற மீன்களுக்கும் வரும். முதலில் ஒரு மீன் கூட்டத்தை விட்டு விலகும், இரவில் அமைதியில்லாமல் அலையும். பிறகு நிறத்தின் நடுவே, தோலுக்கு அடியில், வேகவைத்த மீன் சதைபோல வெளிறிய திட்டு தெரியும். கடைசியில் முதுகு வளையும். இதற்கு நம்பத்தகுந்த மருந்து கிடையாது. சந்தேகம் வந்த மீனை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். செத்த மீனை ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள், மற்றவை அதைக் கொத்தித் தின்றால் நோய் பரவும்.

பாக்டீரியா நோய் ஒன்றும் இதேபோல வெள்ளைத் திட்டாக வரும். அது தோலின் மேல், பெரும்பாலும் வாய்ப் பக்கத்தில் பஞ்சுபோலத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் வேகமாகப் பரவும். அதற்கு மருந்து உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கிடைத்த ஆண்டிபயாட்டிக்கைப் போட்டால், ஸ்பாஞ்சில் வளர்த்த நுண்ணுயிரும் சாகலாம். கல்லுப்பு ஒரு கைப்பிடி போடு என்பார்கள். இந்த மீன்கள் உப்புத் தாங்குபவை அல்ல.

காலையில் எழுந்து விளக்குப் போட்டதும் எல்லா மீனும் நிறமே இல்லாமல் நிற்கும். பதறாதீர்கள். இருட்டில் இவை நிறத்தை அடக்கிக்கொள்ளும், வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் நீலமும் சிவப்பும் திரும்பிவிடும். பகலெல்லாம் வெளிறியே இருந்தால்தான் டெஸ்ட் கிட்டை எடுங்கள்.

9. பெரிய தொட்டிக்கு மாற்றிய பிறகு

வாய் மிகச் சிறியது. சாதாரணக் குருணைத் தீனியை விரலால் நசுக்கிப் போடுங்கள், அல்லது மைக்ரோ பெல்லட் வாங்குங்கள். இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் ஒரு நாள் தீனி வேண்டாம். வாராவாரம் 12 லிட்டர் மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். துணைக்கு, அடியில் மேயும் சின்னக் கெளுத்தி வகையான கோரிடோராஸ் நல்லது. ஏஞ்சல் மீன் வேண்டாம், வளர்ந்த ஏஞ்சல் இவற்றைத் தின்றுவிடும்.

ஏப்ரல் பிறந்ததும் மூடியைக் கழற்றி வலை போட்டு, ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி வையுங்கள். எங்கள் வீட்டில் இதனாலேயே மூன்று டிகிரி குறைந்தது. ஆனால் தினம் ஒரு லிட்டர்வரை தண்ணீர் ஆவியாகும். அந்தக் குறையை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். கலவைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் டிடிஎஸ் எங்கோ ஏறியிருக்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள், வெப்பம் சட்டென இறங்குவது சூட்டைவிடக் கெடுதல். மின்தடை வரும் ஊர் என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று, 400 ரூபாய், கட்டாயம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? நாலைந்து நாள் தீனி இல்லாமல் வளர்ந்த மீன் நன்றாகவே இருக்கும். பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அன்பு மிகுதியில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, மேலே தேதி எழுதி வையுங்கள்.

வீடு மாறுவதாலோ வேறு காரணத்தாலோ தொட்டியைக் கலைக்க நேர்ந்தால், மீனை ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். அப்படி விட்ட, தொட்டிப் பாசி தின்னும் சக்கர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகி, இன்று வலை போடுபவர்களுக்குத் தொல்லையாக நிற்கின்றன. வளர்க்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எத்தனை டிடிஎஸ், எத்தனை டிகிரி, என்ன தீனி, எந்த மாதம் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதிக் கவரோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள்.